தலைநகரம் நடந்த வழி

புனே நகரத்திலிருந்து தென்மேற்குத் திசையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கடக்வாஸ்லா என்னும் ஊர் வருகிறது. முட்டா நதியை மறித்து 1869-இல் தொடங்கிக் கட்டிய கல்லணை ஒன்று அங்கே இருக்கிறது. பின்னாளில் மைசூர் திவானாகப் புகழ்பெற்ற விசுவேசுவரய்யா, பம்பாய் மாகாணத்தில் பொறியாளராக இருந்த காலத்தில், வெள்ளம் ஏறினால் தாமே திறந்துகொண்டு, வடிந்தால் தாமே மூடிக்கொள்ளும் மதகுகளை வகுத்து 1903-இல் பொருத்தியது இந்த அணையில்தான். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், மேலே பான்ஷெட் என்னுமிடத்தில் கட்டி முடியாதிருந்த அணை உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனே நகருக்குள் புகுந்தது. இன்று நாம் காண்பது அதற்குப் பின்னர்ச் செப்பனிட்ட அணை. ஏரிக்கரையில் தேசியப் பாதுகாப்பு அகாதமியின் மாடம் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் சூடான் மண்ணில் போரிட்டு மாண்ட இந்திய வீரர்களின் நினைவாக அந்நாடு அளித்த நன்கொடையால் எழுந்த கட்டடம் அது.

இவற்றையெல்லாம் பார்த்தபின் அணைக்கரையில் நின்று தெற்கே தலையை நிமிர்த்தினால், வானத்தை இடித்துக்கொண்டு ஒரு மலை நிற்கும். அதன் உச்சியில் இருப்பது சிங்ககட். கட் என்றால் மராட்டியில் மலைக்கோட்டை. நம் மொழியில் சிங்கக்கோட்டை என்னலாம். கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரம். நான் சொல்ல வந்தது அந்தக் கோட்டையைப் பற்றியும், அங்கே நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும்.

அலுவல் நிமித்தமாக நான் கடக்வாஸ்லாவில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மொழிபெயர்ப்பு என் தொழில். மராட்டி மொழி எனக்கு ஓரளவு பழக்கம். சென்ற மார்கழியில் தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுமாக இருபத்திரண்டு பேர் பண்பாட்டுச் சுற்றுலா ஒன்றுக்காக அங்கு வந்து சேர்ந்தனர். புனே நகரம், சிங்ககட், வாய், பாஞ்ச்கனி, மகாபலேசுவரம், பிரதாப்கட், ராய்கட் என்று நான்கு நாள் பயணம். உடன் வந்த வழிகாட்டிக்கு மராட்டியும் இந்தியும் மட்டுமே தெரியும். தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

வழிகாட்டி, ராணுவத்தில் அவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். சிங்ககட் அடிவாரத்துக் கிராமத்தவர். எல்லோரும் அவரை ‘மாமா’ என்று அழைத்தார்கள். மராட்டியிலும் மாமா மாமாதான்; ஆகையால் அந்தச் சொல்லை எங்கள் குழுவினருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. குழுவில் மூத்தவர், பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருவர். வயது எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். மாமா அவரை முதல் நாளே ‘குருஜி’ ஆக்கிவிட்டார். அந்நாட்டில் பள்ளி ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்.

முதல் நாள் புனே நகரம். பேஷ்வாக்கள் இருந்து ஆண்ட ஊர். மன்னர் பெயரளவில் சதாராவில் இருந்தார். 1749-இல் சாகு மன்னர் மறைந்தபின் அதிகாரம் முழுவதும் புனேக்கு வந்து சேர்ந்தது. பழைய நகரம் பேட்டை பேட்டையாகப் பிரிந்திருக்கிறது. அவர்கள் ‘பேட்’ என்பார்கள். சனிவார் பேட், புத்வார் பேட், சுக்ரவார் பேட் என்று கிழமைகளின் பெயரால் தெருக்கூட்டங்கள் அமைந்திருக்கின்றன. சைதாப்பேட்டையையும் வண்ணாரப்பேட்டையையும் அறிந்தவர்களுக்கு அங்கே வழி தவறாது.

சனிவார் வாடா என்னும் அரண்மனையை முதலாம் பாஜிராவ் 1730-இல் தொடங்கி 1732-இல் குடிபுகுந்தார். 1828-இல் மூண்ட தீயில் உள்ளே இருந்த மாளிகைகள் எரிந்துபோயின. இப்போது மதிலும், வடக்கு நோக்கிய தில்லி வாயிலும், யானைகள் முட்டாதிருக்கக் கதவில் பதித்த இரும்பு முட்களும், புல்வெளியில் அடித்தளக் கற்களுமே எஞ்சியிருக்கின்றன. இங்கே 1773 ஆகஸ்டு 30-ஆம் நாள், பதினெட்டு வயதே ஆன பேஷ்வா நாராயணராவ் காவற்படையினராலேயே கொல்லப்பட்டார். சிற்றப்பன் ரகுநாதராவ், அவரைப் பிடித்து வைக்குமாறு ஓலை எழுதினாராம். சிற்றன்னை ஆனந்திபாய் அதில் ஓர் எழுத்தை மாற்றினாளாம். ‘தராவே’ என்றிருந்தது ‘மாராவே’ ஆயிற்று. முன்னதற்குப் பிடிக்க என்பது பொருள். பின்னதற்குக் கொல்ல என்பது பொருள். இது மக்கள் சொல்லும் கதை. வரலாற்றில் உறுதியாக நிற்பது, நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே விசாரித்து ரகுநாதராவைக் குற்றவாளி என்று முகத்துக்கு நேரே சொன்னார் என்பதே.

இந்தக் கதையை மாமா சொல்ல, நான் மிகுந்த உற்சாகத்தோடு மொழிபெயர்த்தேன். ஓர் எழுத்து பிறழ்ந்தால் ஓர் அரசு கவிழும் என்று கேட்பது எங்கள் தொழிலுக்குப் பெருமைதானே! மொழிபெயர்ப்பாளன் கவனமாக இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் என் சொந்தச் சரக்காகவும் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் அதை நினைத்து வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை சிங்ககட். மலைமேல் வரை பஸ் போகும் பாதை இருக்கிறது. உச்சியில் மண்சட்டித் தயிரும், கடலைமாவில் கிண்டிய பிட்லாவும், சோள ரொட்டியும் விற்கும் பெண்கள் நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கீழே கடக்வாஸ்லா ஏரி, தரையில் விட்ட கண்ணாடித் துண்டுபோல் கிடக்கிறது.

1670 பிப்ரவரியில், முகலாயர் வசமிருந்த இந்தக் கோட்டையைச் சிவாஜியின் தோழர் தானாஜி மாலுசரே இரவில் மலைச்சுவரில் ஏறிப் பிடித்தார். பிடிக்கும் போரிலேயே மாண்டார். சிங்கம் போனதால் கோட்டைக்குச் சிங்ககட் என்று பெயர் வந்ததாகச் சொல்லுவது வழக்கம். ஆனால் 1670-க்கு முந்திய கடிதத்திலேயே அந்தப் பெயர் காணப்படுகிறது. உடும்பின் வாலில் கயிறு கட்டி ஏறினார்கள் என்பதும் கதைதான். மாமாவுக்கு இவையெல்லாம் தெரியும். “கதை என்று தெரிந்துதான் சொல்லுகிறேன், உடும்பை எடுத்துவிட்டால் குழந்தைகள் மலை ஏறி வரமாட்டார்கள்” என்றார். அரைமணி நேரம் அவர் தானாஜியாகவே ஆகிவிட்டார். இல்லாத கயிற்றைப் பிடித்து ஏறினார். இடது கையில் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் காற்றை வெட்டினார். குருஜி கைதட்டினார்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், சிறு கோயில் போன்ற ஒரு சமாதி. மாமா செருப்பைக் கழற்றி வணங்கினார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சிவாஜியின் இளைய குமாரர் ராஜாராம் மகாராஜரின் சமாதி இது. கர்நாடகத்தில் ஜிஞ்ஜியில் இருந்து ஆண்டுவிட்டு வந்து 1700-ஆம் ஆண்டு இங்கே காலமானார் என்பது அந்த வாக்கியம். இடையே ஜிஞ்ஜி என்ற சொல் என் காதில் விழுந்தது, மனத்தில் தங்கவில்லை. கர்நாடகம் என்றதும் பெல்காம், தார்வார் பக்கத்துக் கோட்டை ஏதோ ஒன்று என்று கொண்டேன். “சிவாஜியின் மகன், சிலகாலம் கர்நாடகத்தில் இருந்தார், இங்கே இறந்தார்” என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுகிறது என்று எல்லோரையும் பஸ்ஸுக்கு அழைத்தேன். குருஜி கைத்தடியை ஊன்றி அந்தச் சமாதியின் முன் அரை நிமிடம் நின்றார். பிறகு எங்களோடு நடந்தார்.

மூன்றாம் நாள் தெற்கே மலைநாடு. வாய் என்னும் ஊர் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது. அக்கிரகாரமும் படித்துறையுமாக நம் கும்பகோணத்தை நினைவூட்டும் ஊர். அருகே மேணவலியில் பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்னவிஸ் கட்டிய வீடும் படித்துறையும் உள்ளன. 1739-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து வசாய் கோட்டையை வென்றபோது கொண்டுவந்த தேவாலய மணி ஒன்று அங்கே ஒரு கோயிலில் தொங்குகிறது. நானா, எழுத்து வேலையில் தீராத ஆசை கொண்டவர். அரசுக் கணக்கையும் கடிதங்களையும் ஒழுங்குபெற வைத்தவர். மராட்டியில் நினைவுக்கு ‘ஆட்டவண்’ என்று பெயர். நம் கச்சேரிகளில் வழங்கும் ‘அட்டவணை’ அதிலிருந்து வந்தது என்று அகராதிகாரர் கூறுவர். நினைவு என்பது நம்மிடம் வந்ததும் கட்டம் போட்ட காகிதமாகிவிட்டது!

பாஞ்ச்கனியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடங்கள், சவுக்கை ஒத்த உயர்ந்த மரங்கள், மேசைபோல் தட்டையான ஒரு மலைத்தலை, குதிரைச் சவாரிக்காரர்களின் தொல்லை.

மகாபலேசுவரத்தில் அப்படியல்ல. வெள்ளைக்காரர்கள் கோடை வாசத்துக்காக அமைத்த கடைத்தெருவை விட்டு, பழைய க்ஷேத்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே கருங்கல் கோயில் ஒன்றில் கிருஷ்ணா, வேண்ணா, கொய்னா, சாவித்திரி, காயத்திரி என்று ஐந்து நதிகளும் ஒரே பசுமுகத்தின் வழியே விழுவதாகச் சொல்லுகிறார்கள். கைவிரல் பருமனுள்ள நீர்த்தாரை. குழுவில் சென்னையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் அதைக் கையில் ஏந்திக் குடித்தார். “அம்மா, இது நீங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர்தான்” என்றேன். உண்மை அதுதான். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நீரில் தலைக்கு ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்தன. 1996-இல் அந்த நீர் கால்வாய் வழியாகப் பூண்டி ஏரிக்கு வந்தது. அந்த அம்மையாருக்குக் கிருஷ்ணா நீர் என்றால் குழாய் நீர்; இங்கே விரல் பருமனாய் விழுவதைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். இப்படிப் பொருத்தமாக ஒன்றைச் சொன்ன பெருமையில் எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

நான்காம் நாள் காலை பிரதாப்கட். 1656-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1659 நவம்பரில் பிஜப்பூர்த் தளபதி அப்சல்கானைச் சிவாஜி சந்தித்த இடம் அதன் அடிவாரம். முடிவு யாவரும் அறிந்தது. 1957-இல் நேரு திறந்துவைத்த சிவாஜியின் குதிரைச்சிலை மேலே நிற்கிறது. அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து கொங்கண நாட்டுக்குள் இறங்குகிறது. இப்படிப்பட்ட மலைப்பாதைக்கு, கணவாய்க்குத்தான் மராட்டியில் ‘காட்’ என்று பெயர். வெளியிலிருந்து வந்தவர்கள் பாதையின் பெயரை மலைக்கே சூட்டிவிட்டார்கள். அந்நாட்டார் மலையைச் சக்யாத்திரி என்றே சொல்லுவார்கள்.

பிற்பகல் ராய்கட் சேர்ந்தோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள்; ஆனால் கம்பிவடத்தில் தொங்கும் வண்டி இருப்பதால் குருஜியும் மேலே வந்துவிட்டார். 1674 ஜூன் 6-ஆம் நாள் சிவாஜி முடிசூடியது இங்கே. 1680-இல் மறைந்ததும் இங்கே. கடைவீதியின் மேடைகள் இரு வரிசையாக இன்னும் நிற்கின்றன. அரசவைக்கு எதிரே நகாரா முழங்கும் உயர்ந்த வாயில். சிங்காதனம் இருந்த மேடையில் ஒருவர் மெல்லப் பேசினாலும் அந்த வாயிலில் நிற்பவருக்குக் கேட்கும், அப்படிக் கட்டியிருக்கிறார்கள். குருஜி முழங்காலை எண்ணி வாயிலருகிலேயே நின்றுகொண்டார். நாங்கள் மேடையருகே போனோம். அங்கிருந்து மாமா குரலை உயர்த்தாமல் பேசினார்.

1689-ஆம் ஆண்டு மராட்டிய அரசுக்கு வந்த கேட்டை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் சம்பாஜி மன்னர் பிடிபட்டார்; மார்ச்சில் ஔரங்கசீப் அவரைக் கொல்வித்தார். பத்தொன்பது வயது ராஜாராம் இந்த ராய்கட்டில் அரசரானார். முகலாயச் சேனை மலையைச் சூழ்ந்தது. அரசர் ஒருவராவது தப்ப வேண்டும் என்று சம்பாஜியின் மனைவி யேசுபாய் தாம் சிறு மகனுடன் கோட்டையிலேயே இருந்துகொண்டு மைத்துனரை அனுப்பிவைத்தார். ராஜாராம் ஏப்ரலில் இறங்கிப் பிரதாப்கட் போனார், அங்கிருந்து பன்ஹாளா, அங்கிருந்து மாறுவேடத்தில் யாத்திரிகர்களோடு யாத்திரிகராகத் தெற்கே. நவம்பர் தொடக்கத்தில் ராய்கட் விழுந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் அரசர் ஜிஞ்ஜி போய்ச் சேர்ந்தார். தலைநகரமும் அவரோடு போயிற்று.

மாமா மராட்டியில் இதைச் சொல்லி முடித்தார். நான் தமிழில் வாயைத் திறக்குமுன், வாயிற் பக்கத்திலிருந்து கைத்தடியின் ஓசை கேட்டது. குருஜி வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“தம்பி, அவர் இப்போது செஞ்சி என்றா சொன்னார்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜிஞ்ஜி என்பது செஞ்சி! மராட்டியர் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது. கர்நாடகம் என்று மாமா சொன்னது இன்றைய மாநிலத்தை அன்று. பழைய வழக்கில் கிருஷ்ணா நதிக்குத் தெற்கே இருந்த நாடு முழுவதுக்கும், சிறப்பாக நம் ஆர்க்காட்டுச் சீமைக்கும் அதுவே பெயர். ஆர்க்காட்டு நவாபைக் கர்நாடக நவாபு என்று பள்ளியில் படித்தவன்தான் நான். கர்நாடகப் போர்கள் நடந்தது ஆம்பூரிலும் வந்தவாசியிலும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், சொல் காதில் விழுந்த நேரத்தில் அறிவு துணைக்கு வரவில்லை. ஓர் எழுத்தை மாற்றிய ஆனந்திபாயைப் பற்றி விளக்கம் சொன்னவன், ஓர் ஊரையே விழுங்கியிருந்தேன்.

குருஜி செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒரு கிராமத்தவர். செஞ்சியில் முப்பது ஆண்டு பணியாற்றியவர். “ராஜாராம் செஞ்சியில் இருந்தார் என்று கோட்டையில் படித்திருக்கிறேன். பிறகு அவர் எங்கே போனார் என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “நேற்று முன்தினம் நான் நின்றது அவர் சமாதியா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “சொல்லியிருந்தால் ஒரு பூவாவது வைத்திருப்பேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வியப்பு. “தமிழ்நாட்டுக்காரர்களிடம் ஜிஞ்ஜியைப் பற்றி நான் என்ன சொல்வது? உங்கள் வீட்டைப் பற்றி உங்களிடமே சொன்னாற்போல் ஆகாதா? அதனால்தான் சிங்ககட்டில் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினேன்” என்றார். மரியாதை கருதி அவர் சுருக்கினார். அறியாமையால் நான் இன்னும் சுருக்கினேன்.

பிறகு நடந்ததுதான் அந்த நான்கு நாட்களில் நான் கண்ட சிறந்த காட்சி. மாமா தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கடைவீதி மேடை ஒன்றில் உட்கார்ந்தார். “குருஜி, அந்த இடம் எப்படி இருக்கும்? முப்பது வருஷமாகப் பெயரைச் சொல்லுகிறேன், பார்த்ததில்லை” என்றார். வழிகாட்டி கேட்க, பயணி சொல்லத் தொடங்கினார். நான் இம்முறை தமிழிலிருந்து மராட்டிக்கு மாற்றினேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று முக்கோணமாக மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதில். இங்கே உள்ளவை போன்ற கரும்பாறையும் பசும்புல்லும் அல்ல. யாரோ கூடையில் அள்ளிக் கொட்டினாற்போல் உருண்டைப் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பங்குனி வெயிலில் தொட்டால் கை சுடும். ராஜகிரி 800 அடி உயரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்த ஒரு பள்ளம். அதைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சில பேர் ஒரு படையைத் தடுக்கலாம். கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், குளங்கள். “தண்ணீர்?” என்று மாமா கேட்டார். கோட்டைக்காரரின் கேள்வி அது. “உண்டு, மேலேயும் சுனை உண்டு” என்றார் குருஜி. மாமா திருப்தியுடன் தலையசைத்தார்.

நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியது சிறிதுதான். சிவாஜி 1677-இல் தெற்கே படையெடுத்து வந்து செஞ்சியைக் கைக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து மகனுக்கு அடைக்கலம் தந்தது அந்தக் கோட்டை. ராய்கட்டைப் பிடித்த அதே ஜுல்பிகர்கான் 1690-இல் செஞ்சியை வளைத்தார். எட்டு ஆண்டு நீண்டது முற்றுகை. இடையே மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து வந்து வளைத்தவர்களையே வளைத்தார்கள்; முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செஞ்சியில் சிங்காதனம் இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள், அங்கிருந்து மகாராஷ்டிரத்துக்கு ஆணைகள் போயின. 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கியது மராட்டியரிடமிருந்துதான். பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள கிராமங்களும் அந்த விற்பனையில் சேர்ந்தன. தாவீது கோட்டை என்று அது பின்னர் வளர்ந்த வரலாறு வேறு.

1698-இன் தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. ராஜாராம் அதற்குமுன் தப்பி வடக்கே போய்விட்டார். பிறகு சதாரா தலைநகரமாயிற்று. 1700 மார்ச்சில், முப்பதாம் வயதில், சிங்ககட்டில் மறைந்தார். இளமையின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுப் பாறைகளின் நடுவே கழித்த ஓர் அரசர், கடக்வாஸ்லாவுக்கு மேலே உறங்குகிறார். எங்கள் பஸ் அவர் வாழ்க்கையைத் தலைகீழாகப் படித்திருக்கிறது: முதலில் சமாதி, இறுதியில் முடிசூடிய மலை.

குருஜி ஒன்றை ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுகள் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார். சொன்னதெல்லாம் தேசிங்குராசன் கதை. யார் இந்தத் தேசிங்கு என்று மாமா கேட்டார். ராஜாராமை விரட்டியபின் ஔரங்கசீப் கோட்டையை ஒப்படைத்தது சுரூப்சிங் என்னும் புந்தேலத் தலைவரிடம். அவர் மகன் தேஜ்சிங். நம் நாவில் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து 1714-இல் இளம் வயதில் மாண்டான். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவன் வாழ்கிறான். இராணிப்பேட்டை என்ற பெயரே அவன் மனைவியின் நினைவாக வந்ததென்பர்.

மாமா சற்று யோசித்தார். “வென்றவன் வைத்த காவலனின் மகனை நீங்கள் பாடுகிறீர்கள், எட்டு வருஷம் தாக்குப்பிடித்தவனை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டார். இதை மொழிபெயர்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் முன்பே பட்டவன், அப்படியே சொன்னேன். குருஜி சிரித்தார். “அவனிடம் குதிரை இருந்தது, உயிர்த் தோழன் இருந்தான், சிறு வயதில் செத்தான். பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் ராஜாராமுக்கு உடும்பு ஒன்று கிடைத்திருந்தால் நாங்களும் பாடியிருப்போம்” என்றார். மாமா தம் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் பாதுகாப்பு நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. ராய்கட்டும் பிரதாப்கட்டும் அவற்றுள் உண்டு. பன்னிரண்டாவது செஞ்சி. அந்தச் செய்தியை நாங்கள் எல்லோருமே செய்தித்தாளில் படித்திருந்தோம். நம்மூர்க் கோட்டைக்குப் பெருமை வந்ததென்று மகிழ்ந்தோம். மற்றப் பதினொன்றோடு அதற்கு என்ன உறவு என்பதை, ராய்கட்டில் மாலை வெயிலில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அறிந்துகொண்டோம். அந்தப் பட்டியலில் சிங்ககட் இல்லை. மாமாவுக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

மறுநாள் குழுவினர் ரயிலேறினார்கள். சிங்ககட்டுக்கு மீண்டும் போக நேரமில்லை. நிலையத்தில் குருஜி என்னிடம் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்திச் சரம் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். சமாதியின் முன்னே ஒரு கூட்டம். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள், நடுவே மாமா. தானாஜியை அவர் அன்று விரைவாகவே முடித்துவிட்டிருந்தார் போலும். ராஜாராமைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மலைகள், கூடையில் அள்ளிக் கொட்டினாற்போல் பாறைகள், தொட்டால் சுடும் வெயில், எடுத்துவிட்டால் படை நிற்கும் பாலம் என்று குருஜியின் சொற்கள் எல்லாம் மராட்டியில் வந்துகொண்டிருந்தன. என் மொழிபெயர்ப்பு அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. ராஜகிரியின் 800 அடி, 2,000 அடி ஆகியிருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மாமா ஒரு கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் பூவைச் சமாதியில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.